வரிசைக் கல்

உப்புக்கிடங்குத் தெருச் சுவரில் படமாக இருந்த மீனாள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தில்ஷாத் பேகத்தின் கட்டிலையும் கோழிக்கூண்டையும் ஏற்றிய குட்டியானை வண்டி வடக்கே முனை திரும்பி மறைந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம். அதைச் சொல்வதற்கு முன்னால் தெருவைச் சொல்ல வேண்டும், தெருவைச் சொல்வதற்கு முன்னால் தண்ணீரைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தெருவில் எல்லாமே தண்ணீரிலிருந்துதான் ஆரம்பித்தது.

சென்னைத் துறைமுகத்துக்குப் பின்பக்கம் இருந்தது எங்கள் தெரு. உப்பு வருவது எப்போதோ நின்றுபோய், கிடங்கு மட்டும் பெரிய யானை படுத்துக் கிடக்கிற மாதிரி ஒரு பக்கம் கிடக்க, அதன் எதிரே ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு ஊர். நான் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து இஸ்திரிப் பெட்டியோடு வந்தவன். தில்ஷாத்தின் மாமனார் ஆற்காட்டிலிருந்து உப்பு மூட்டை தூக்க வந்தவர். மூட்டைக்காரன் கன்னியப்பன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டால், குடித்திருக்கும்போது ஒரு ஊரும் குடிக்காதபோது ஒரு ஊரும் சொல்வான். மீனாளின் அம்மா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவள், வயிற்றில் மீனாளும் தலையில் ஒரு தகர ட்ரங்குப் பெட்டியுமாக. அந்தப் பெட்டியோடு முகாம் முகாமாகச் சுற்றி, கடைசியில் எங்கள் தெரு அறைக்குள் அதை இறக்கி வைத்து, "இதை இனிமே தூக்கக் கூடாதுடி" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா கண்ணை மூடினாள். மீனாளும் தூக்கவில்லை. பெட்டி மேல் துணி விரித்து சாமி படம் வைத்திருந்தாள்.

தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள் லாரிக்காகக் காத்து நிற்க முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு கல் போட்டுவிட்டுப் போவார்கள். கல் என்றால் கல்லே இல்லை. தில்ஷாத்துக்கு அடியில்லாத ஒரு நீல வாளி, எனக்கு உடைந்துபோன கரிப்பெட்டியின் மூடி, கன்னியப்பனுக்குப் பாதி சிமெண்டு கட்டை. முதல் லாரி வந்த அன்று யார் யார் எங்கே நின்றார்களோ அதுவே என்றைக்கும் வரிசை. கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. கல்லைக் காலால் தள்ளக் கூடாது, குனிந்து கையால் எடுத்துத்தான் நகர்த்த வேண்டும். கல்லை எடுத்துக்கொண்டு போனவனுக்கு வரிசை இல்லை. புதிதாக ஒரு கல் வந்தால் அது வாலில்தான் நிற்க வேண்டும். அந்தக் கற்களோடு சண்டை போட்டவர்கள்கூட உண்டு. ஒருநாள் கன்னியப்பன் பெண்சாதி என் மூடியைப் பார்த்து, நான் முந்தின மாதம் கருக்கிய சேலைக்காக, நான் இல்லாத நேரத்தில் மணிக்கணக்காகத் திட்டித் தீர்த்துவிட்டு, வரிசை நகர்ந்ததும் அதே மூடியைக் குனிந்து எடுத்து முன்னால் வைத்துவிட்டுப் போனாளாம்.

மீனாளுக்குக் கல் கிடையாது. சாயங்காலம் கடற்கரை ரோட்டில் வண்டி போட்டு அத்தோ விற்பவள் அவள். மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுக் கையாலேயே பிசைந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் ஊற்றித் தருகிற பர்மாச் சாப்பாடு. காலையில் அவள் தெருவில்தான் இருப்பாள். அதனால் வரிசை பார்க்கிற வேலை அவளுடையது. லாரி வந்தால் எங்கள் கற்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, எங்கள் டிரம்களை ஒவ்வொன்றாக நிரப்பி, எல்லார் வீட்டுக்கும் தண்ணீர் ஆனபிறகு குழாயில் மிச்சம் சொட்டுவதைத் தன் குடத்தில் பிடிப்பாள். வரிசை பார்க்கிறவள் கடைசியில்தான் பிடிக்க வேண்டும், அது முறை. கன்னியப்பன் ரெண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவன் சிமெண்டு கட்டை ஒருநாளும் வரிசை தவறியதில்லை. அவன் திரும்பி வந்தபோது டிரம் நிறைய இருந்ததைப் பார்த்து, செத்தவனுக்குத் தண்ணி பிடிச்சு வச்சிருக்கீங்களேன்னு அழுதான்.

படம் வந்தது அதற்கப்புறம். கிடங்குக்கும் எங்கள் அறைகளுக்கும் முதலாளியாக இருந்தவர் இறந்து, வெளிநாட்டில் படித்த பேரன் கௌதம் வந்து, கிடங்கின் உயரமான பக்கச் சுவரைப் பார்த்து, "இது சும்மா நிக்குதே" என்றான். அதுவரைக்கும் சுவர் சும்மா நிற்பதில் தப்பு இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. அவன் கூட்டி வந்த பெண் பேர் சனா. மணிப்பூரில் பர்மா எல்லையில் மோரே என்ற ஊராம். பர்மாவிலிருந்து நடந்தே வந்த நம் ஜனங்கள் அங்கேயும் கோயில் கட்டிக்கொண்டு இருக்கிறார்களாம், அவர்களோடு வளர்ந்த பெண்ணுக்குத் தமிழ் தானாக வந்துவிட்டது. முதல்நாள் சாயங்காலம் மீனாள் வண்டியில் ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணமும் குடித்துவிட்டு, "அக்கா, உங்களைத்தான் போடப் போறேன்" என்றாள்.

மூங்கில் சாரம் கட்டி, கூரை உயரத்துக்கு மீனாளை வரைந்தாள். கையில் கரண்டி, முகத்தில் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற சிரிப்பு. முடிந்த அன்று மீனாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூக்கு இவ்ளோ பெருசாவா கீது எனக்கு?"

"பெரிய சுவர்க்கா" என்றாள் சனா.

"கரண்டியில சூப்பு இல்லியே. வெறுங்கரண்டிய நீட்டிக்கினு நிக்கிறேன், வர்றவன் இன்னா நினைப்பான்?"

சனா மறுபடி சாரம் ஏறிக் கரண்டிக்குள் சூப் வரைந்தாள், அதில் ஒரு துண்டு வாழைத்தண்டும்.

ஒரு மழைக்காலம் வரைக்கும் அந்தப் படம் எங்களுடையதாக இருந்தது. கன்னியப்பன் பாட்டிலோடு வந்தால் சுவரைத் தாண்டும் வரை இடுப்பில் செருகிக்கொண்டு தாண்டுவான். தில்ஷாத் காலையில் வாசல் தெளித்ததும் மேலே பார்த்து, கீழே இருக்கிற மீனாளிடம், "உன் அக்கா எந்திரிச்சுட்டா, நீ இன்னும் தூங்குறே" என்பாள். பிறகு படம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தாகம் எடுத்ததால் கிடங்குக்குள் காபிக்கடை வந்தது, காபி குடித்தவர்கள் உட்கார்ந்து பேச எங்கள் வாசலுக்கு எதிரே நாற்காலி வந்தது, நாற்காலிக்கு நிழல் வேண்டும் என்று துணிப்பந்தல் வந்தது, பந்தல் வந்த தெருவுக்கு இந்த வாடகை போதாது என்று வாடகை ஏறியது. யாரும் யாரையும் விரட்டவில்லை. கௌதம் எல்லாரிடமும் சிரித்துத்தான் பேசினான். குட்டியானை வண்டி மட்டும் வாரம் ஒருதரம் வந்து நின்று, ஒரு அறையை ஏற்றிக்கொண்டு போனது, மீஞ்சூருக்கு, பொன்னேரிக்கு, ஏரிக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்காத இடங்களுக்கு. போகும்போது எல்லோரும் பாத்திரம் எடுத்தார்கள், படுக்கை எடுத்தார்கள், பழக்க தோஷத்தில் வரிசையில் கிடந்த கல்லையும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான் எடுத்தேன். போகிற இடத்திலும் லாரித் தண்ணிதானே என்று நினைத்தேன். அப்போது யாரும் அதற்கு மேல் நினைக்கவில்லை.

என் அறை போனாலும் இஸ்திரி வண்டி கொஞ்ச நாள் அந்தச் சுவருக்குக் கீழேயே நின்றது, விடிகாலை ரயிலில் வந்து கரி மூட்டுவேன். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அங்கே இருந்தேன். தில்ஷாத் நீல வாளியை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறினாள், வண்டி போனது, நான் ஒரு சட்டைக் காலரை அழுத்திவிட்டு நிமிர்ந்தேன். சுவரில் மீனாளின் கொண்டை தெரிந்தது. கொண்டையில் வாடிய கனகாம்பரம், கழுத்துக்குக் கீழே ரவிக்கையின் முதுகு, கொக்கி போன இடத்தில் குத்திய ஊக்கு. வடக்கே, வண்டி போன பக்கம் பார்த்து நின்றிருந்தாள்.

மீனாள் அறையிலிருந்து வந்து பார்த்தாள். முதலில் தன் முதுகைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"ஊக்கு தெரியுதே" என்றாள். "ஊர் பூரா பாக்குமே."

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்" என்றான் கன்னியப்பன். அறை இல்லாமல் அவன் கிடங்குத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. "நானே இந்நேரத்துக்கு அந்தப் பக்கம்தான் திரும்பிப் படுப்பேன்."

சேதி எப்படித்தான் போகுமோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூரிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் எங்கள் ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். முதுகு இந்தப் பக்கம் இருந்தால் முகம் சுவருக்கு அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டுமே என்று யாரோ சொல்ல, அத்தனை பேரும் காபிக்கடைக்குள் நுழைந்து, லேப்டாப் வைத்திருந்த பிள்ளைகளைத் தாண்டி, சமையல் கட்டைத் தாண்டி, பொம்பளைகள் கழிப்பறை வரை போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. சரி, கோபம் போலிருக்கு என்று சொல்லிக்கொண்டு, முதுகுக்குக் கீழேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஊக்கு வெளியே தெரியக் கூடாது என்று ஒருத்தி சுவர் உயரத்தில் எட்டின மட்டும் சாமந்திச் சரம் மாட்டினாள், அது மீனாளின் சேலைக் கொசுவத்துக்குத்தான் எட்டியது.

கௌதம் சனாவைக் கூப்பிட்டனுப்பினான். அவள் வந்து கொண்டையின் மேல் மறுபடி முகம் வரைந்தாள். வரைந்து, காய்ந்து, சாரத்தை அவிழ்ப்பதற்குள் படம் திரும்பிக்கொண்டது, இப்போது அந்தப் புது முகமும் அந்தப் பக்கம் போய்விட்டது.

"வாங்கின காசுக்கு முகம் போட்டுட்டேன்" என்றாள் சனா. "அவங்க திரும்பிக்கிட்டா நான் என்ன பண்ண முடியும், சார்?"

காபிக்கடைக்கு வந்தவர்கள் முகத்தோடு போட்டோ எடுக்கத்தான் வந்தார்கள். முதுகோடு யார் எடுப்பார்கள்? நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. அப்போது மீனாள் அறை ஒன்றுதான் பாக்கி. அவளுக்கும் வாடகைக் கெடு சொல்லியாகிவிட்டது. கௌதம் அவள் வாசலில் வந்து நின்றான்.

"ஆன்ட்டி, உங்க பேச்சைக் கேட்பாங்க. நீங்க சொல்லி அவங்களைத் திரும்ப வச்சீங்கன்னா, இந்த ரூம் உங்களுக்குத்தான். பழைய வாடகையே. எழுதியே தர்றேன்."

அன்று முழுக்க மீனாள் சுவருக்குக் கீழே நின்று கெஞ்சினாள், நான் கேட்டுக்கொண்டே துணி தேய்த்தேன். "ஏண்டி, திரும்பேன்டி. அம்மா பெட்டிய என்னைத் தூக்க வைக்காதேடி. நான் இன்னா கேட்டேன் உன்னை, என் மூஞ்சிய எனக்குக் காட்டுன்னுதானே." சுவர் அசையவில்லை. ஊக்கு மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

விஷயம் புரிந்தது தில்ஷாத்துக்குத்தான். அடுத்த ஞாயிறு வந்தவள், சுவரையும் பார்த்தாள், வெறுந்தரையையும் பார்த்தாள்.

"வரிசை எங்கேடி?" என்றாள்.

"ஏது வரிசை? அல்லாரும் போயாச்சே."

"போனோம் சரி. கல்லை ஏன் எடுத்துட்டுப் போனோம்? சுவத்துல நிக்கிறவ யாருக்குத் தண்ணி பிடிப்பா, யாருக்கு சூப்பு ஊத்துவா? நாம வேணாம்னு எழுந்து போயிட்டோம்னுதானே அவ நினைப்பா."

ஒவ்வொருத்தருக்கும் அவரவர் கல் இப்போது எங்கே கிடக்கிறது என்ற யோசனை. நீல வாளியில் தில்ஷாத் புதினா நட்டிருந்தாள். என் மூடி ஏரிக்கரை வீட்டில் கதவுக்கு முட்டாக இருந்தது. அடுத்த வாரம் எல்லாம் வந்து சேர்ந்தன, ரயிலில், பஸ்ஸில், ஒரு கல் ஸ்கூட்டரின் முன்னால் குழந்தை மாதிரி நின்றுகொண்டு வந்தது. முதல் லாரி வந்த நாளின் வரிசையில், சுவருக்குக் கீழே, நீல வாளி முதலாகக் குனிந்து குனிந்து வைத்தோம்.

மறுநாள் காலை படம் கொஞ்சம் திரும்பியிருந்தது. முழுசாக இல்லை. ஒரு காது, ஒரு கன்னத்தின் ஓரம், அவ்வளவுதான்.

"அப்போ திரும்புறாங்க" என்று கௌதம் சந்தோஷப்பட்டான். பிறகு தரையைப் பார்த்தான். "இந்தக் குப்பையெல்லாம் மறைக்குது, அதான் முழுசா வரலை. இதையெல்லாம் எடுத்துடுங்க ஆன்ட்டி, நம்ம டீல் அப்படியே இருக்கு."

"குப்பை இல்லை தம்பி. ஆளுங்க நிக்கிறாங்க."

"நான் தன்மையாத்தான் சொல்றேன். இது இருந்தா அந்த ரூம் இல்லை. நீங்களே எடுத்துட்டா உங்களுக்கும் நல்லது."

மீனாள் வரிசையைப் பார்த்தாள், தன் அறை வாசலைப் பார்த்தாள், வாசல் வழியே உள்ளே தெரிந்த பெட்டியைப் பார்த்தாள். அந்த அறைக்காக அவள் எவ்வளவு கெஞ்சினாள் என்று எனக்குத் தெரியும். எடுத்து ஓரமாக வைத்திருந்தால் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம், அவளாவது இருக்கட்டும் என்றுதான் நினைத்திருப்போம்.

"அடுத்தவங்க கல்லை நான் நகர்த்துவேன், முன்னாடிதான் நகர்த்துவேன்" என்றாள். "வரிசையை விட்டு எடுக்க மாட்டேன்."

கௌதமின் ஆட்கள் எடுத்தார்கள். வண்டியில் அள்ளிக்கொண்டு போய்க் கால்வாய் ஓரம் கொட்டினார்கள். விடிந்தபோது சுவரில் மறுபடி முழு முதுகு, இந்தத் தடவை கொண்டையில் பூகூட இல்லை. அவன் பயந்துபோய் எல்லாவற்றையும் பொறுக்கி வரச் சொல்லி, அளவாக இடைவெளி விட்டு, பெரியது முன்னால் சின்னது பின்னால் என்று அழகாக அடுக்கினான். படம் திரும்பவில்லை. கடைசியில் என் வண்டிக்கு வந்து, "அண்ணா, என்ன தப்பு?" என்றான்.

"கன்னியப்பன் எனக்கு முன்னாடி நிக்கிறான்" என்றேன். "அவன் பொண்டாட்டியே ஒத்துக்க மாட்டா."

மீனாள்தான் வந்து சரியாக வைத்தாள். வைத்து முடித்ததும் அந்தக் காதும் கன்னத்தின் ஓரமும் திரும்பி வந்தன. கௌதம் அதைப் பார்த்துக்கொண்டே, சிரிப்பு இல்லாமல், முதல்தடவையாகப் பெரியவர்களிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

"கல்லு இங்கேயே இருக்கட்டும். நீங்களும் இங்கேயே இருங்க. வாடகையே வேண்டாம். முழுசா திரும்பணும்னா வேற என்ன செய்யணும், சொல்லுங்க."

"வரிசைப்படி செய்யணும்" என்றாள் மீனாள். "மொதல்ல தில்ஷாத்து. அப்புறம் அவளுக்குப் பின்னாடி நிக்கிறவங்க. அதே வாடகை, அதே அறை."

"எல்லாருக்குமா? முடியாது ஆன்ட்டி. உங்களுக்கு மட்டும்னா இன்னிக்கே."

"வரிசை பாக்குறவ கடைசியிலதான் பிடிப்பா, தம்பி."

உள்ளே போய் சாமி படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். துணியை உதறி மடித்தாள். பெட்டியை நானும் கன்னியப்பனும் தூக்கப் போனோம், விடவில்லை. ரங்கூனிலிருந்து வந்த பெட்டியைத் தரையோடு தரையாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வந்து, எல்லார் கல்லுக்கும் பின்னால் வாலில் வைத்தாள்.

"தூக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொன்னேன். தூக்கலை" என்றாள். பிறகு மேலே அண்ணாந்து, அந்த ஒற்றைக் காதைப் பார்த்து, "பாத்துக்கோடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அத்தோ வண்டியோடு குட்டியானையில் ஏறினாள். மீஞ்சூரில் தில்ஷாத் வீட்டுக்கு அடுத்த அறை.

எல்லாம் ஆகிக் கொஞ்ச காலம் ஆகிறது. காபிக்கடைக்கு வருகிறவர்கள் கற்களையும் யாரோ செய்த கலை என்று நினைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், சிலர் தாங்களும் ஒரு கல் கொண்டுவந்து வைக்கிறார்கள், அவர்களுக்கும் எங்கே தோன்றியதோ, சரியாகப் பெட்டிக்குப் பின்னால்தான் வைக்கிறார்கள். ஒரு காதை மட்டும் பார்க்க எத்தனை நாள் ஆட்கள் வருவார்கள்? காலி அறை ஒன்றைப் பூட்டி வைப்பதைவிட என்று கௌதம் மனதுக்குள் என்ன கணக்குப் போட்டானோ, பொங்கலுக்கு முன்னால் மீஞ்சூருக்கு ஆள் அனுப்பினான். தில்ஷாத் கட்டிலோடும் கோழிகளோடும் முதல் அறைக்குத் திரும்பிப் போனாள்.

மீனாள் கடற்கரை ரோட்டை விட்டுவிட்டு மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் வண்டி போடுகிறாள். ஞாயிறு ஞாயிறு நாங்கள் அங்கேதான் சாப்பிடுகிறோம். அறை கிடைக்கவில்லையே என்று வருத்தமா என்று ஒருநாள் கேட்டேன். சூப்பைக் கலக்கிக்கொண்டே, "கல்லு நிக்குதுல்ல" என்றாள்.

போன வாரம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் தெருவுக்குள் எட்டிப் பார்த்தேன். முதல் அறை வாசலில் மறுபடி புதினா நட்ட நீல வாளி இருந்தது, கோழி ஒன்று நாற்காலிக்காரர்கள் காலடியில் மேய்ந்துகொண்டிருந்தது. சுவரில் மீனாளுக்குக் கன்னம் முழுசாக வந்து, மூக்குத்தி தெரிந்தது. தில்ஷாத் வெளியே வந்தாள். வரிசையை நீயா நகர்த்தினாய் என்று கேட்டேன்.

"நான் தொடலை. என் வாளிய எடுத்தேன், அவ்ளோதான். காலையில பாத்தா இப்படிக் கீது."

என் மூடி ஒரு இடம் முன்னால் நகர்ந்திருந்தது. எனக்குப் பின்னால் கன்னியப்பனின் சிமெண்டு கட்டையும், அவனுக்குப் பின்னால் மற்றவையும், எங்கள் வரிசையின் கடைசியில் தகரப் பெட்டியும் ஒவ்வொரு இடம் முன்னால் வந்து நின்றன. யாரும் காலால் தள்ளியிருக்கவில்லை. தரையில் இழுத்த கோடு இல்லை, மேலே நிற்கிறவள் குனிந்து கையால் தூக்கித்தான் வைத்திருந்தாள்.